குறைந்த செலவில் விரைந்த சமையல்: புத்தளக் கரையோரக் கமக்காரர் இல்லங்களுக்கு

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் உணவுப் பொருட்களால் வளம் பெற்ற பிரதேசமாகும். ஒருபுறம் கடலும் களப்பும் மீனைத் தருகின்றன. கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில் ஆழமற்ற கிணறுகளின் நீரைக் கொண்டு மிளகாய், சின்ன வெங்காயம், பீற்றூட், முள்ளங்கி, கோவா முதலியன பயிராகின்றன. தப்போவை போன்ற குளங்களின் கீழ் நெல் விளைகின்றது. சிலாபத்திலிருந்து வடக்கே செல்பவர் கண்களுக்குத் தென்னந்தோட்டங்கள் தொடர்ந்து தோன்றும். இத்தனை பொருளும் விளைகின்ற இடத்திலும், அறுவடைக் காலத்துக் காலை வேளைகளிற் பல வீடுகளிற் பிள்ளைகள் பாணும் வெறுந் தேநீருமே உட்கொண்டு பாடசாலைக்குச் செல்கின்றனர்.

இதற்குக் காரணம் சோம்பல் என்று கூறுதல் பொருந்தாது. நுரைச்சோலை, ஆலங்குடா, மாம்புரி ஆகிய இடங்களில் மரக்கறி செய்வோர் விடியுமுன்னரே தோட்டத்துக்குச் சென்று நீர் இறைத்து, காய் பறித்து, லொறி வருமுன்னர் மூட்டை கட்டுகின்றனர். வயல் வேலையும் அவ்வாறானதே. ஆணும் பெண்ணும் ஒருங்கே வேலைக்குச் செல்லும் இவ்வீடுகளில் அடுப்படியில் நிற்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகச் சிறிது. நேரம் இல்லாதபோது கடையில் ஆயத்தமாய்க் கிடைப்பதையே கை நாடும். அவ்வாறு வாங்கும் பாணும் பொதியிலடைத்த மாப்பண்டங்களும் வயிற்றை நிரப்பினும் வளரும் பிள்ளைக்கும் உழைக்கும் உடலுக்கும் வேண்டிய சத்தைப் போதிய அளவிற் கொடுப்பதில்லை. விற்ற மரக்கறியின் பணத்தில் ஒரு பகுதி, சத்துக் குறைந்த உணவுக்காக மீண்டும் கடைக்கே போய்ச் சேர்கின்றது.

மலிவாகவும் விரைவாகவும் நல்ல உணவை வீட்டிலேயே ஆக்கிக் கொள்ள வழி உண்டு. அதற்குப் புதிய பாத்திரங்களோ அரிய பொருட்களோ வேண்டுவதில்லை. மழை வருமுன் நாற்றுமேடையை ஆயத்தஞ் செய்யும் கமக்காரர் அதே முன்யோசனையை அடுப்படியிலும் கைக்கொண்டாற் போதும். சமையலின் செலவும் நேரமும் பெரும்பாலும் அடுப்பு மூட்டுவதற்கு முந்திய இரவிலேயே தீர்மானிக்கப்படுகின்றன. இத் துண்டுப்பிரசுரம் விளக்க முற்படுவது இதனையே.

முன்னைய ஆண்டுகள் தந்த படிப்பினை

இந்நாட்டு மக்கள் கடல் கடந்து வரும் உணவில் தங்கியிருந்தமையால் அடைந்த இன்னல்கள் பல. 1942 ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது; இலங்கையில் அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. 1953 ஆம் ஆண்டிற் பங்கீட்டரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, அவ்வாண்டு ஓகஸ்ற் 12 ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. 2022 ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி இன்மையால் சமையல் எரிவாயுவுக்கு மக்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றனர். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவின் விலை, ஓராண்டுக்கு முன்னர் இருந்ததிலும் ஏறக்குறைய 95 சதவீதம் உயர்ந்திருந்தது.

இம் மூன்று காலங்களிலும் சொந்தத் தோட்டத்தில் நான்கு முருங்கையும், ஒரு பாத்திக் கீரையும், ஒரு பானைப் பயறும், எரிப்பதற்குச் சிரட்டையும் வைத்திருந்த வீடு, ஏனைய வீடுகளைவிடக் குறைவாகவே துன்புற்றிருக்கும். நெருக்கடி நீங்கிய காலத்திலும் இவ்வழக்கத்தைக் கைவிடாதிருத்தல் அறிவுடைமையாகும்.

இரவிலே செய்யும் இரு வேலைகள்

முதலாவது வேலை பயறு, கௌபி, கடலை ஆகிய அவரையினத் தானியங்களை நீரில் ஊறவைத்தல். இரவு உணவு முடிந்து பாத்திரங் கழுவும் நேரத்தில் ஒரு சுண்டு பயற்றைக் கழுவி, மும்மடங்கு நீர் விட்டு மூடி வைத்தற்கு இரண்டு நிமிடமே செல்லும். எட்டு மணி நேரம் ஊறிய பாசிப்பயறு காலையில் ஏறக்குறைய 20 நிமிடத்தில் வெந்துவிடும். ஊறாதது அதன் இருமடங்கு நேரம் அடுப்பில் இருத்தல் வேண்டும். கௌபிக்கு இவ்வேறுபாடு இன்னும் அதிகம். சேமிக்கப்படும் நேரத்தின் அளவுக்கு விறகும் சேமிக்கப்படுகின்றது.

இரண்டாவது வேலை, மறுநாட் காலையிற் கைக்கு எட்டும்படி பொருட்களை ஒழுங்கு செய்தல். வெங்காயத்தை உரித்து வைத்தல், கருவாட்டின் தலையையும் குடலையும் நீக்கி வைத்தல், விறகை முறித்து அடுப்பின் அருகே உலர வைத்தல் ஆகியன பத்து நிமிட வேலைகள். இவற்றை வீட்டிலுள்ள ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் பகிர்ந்து கொள்ளலாம். காலையில் ஒருவர் தனித்து நாற்பது நிமிடம் பாடுபடுவதிலும் இரவில் நால்வர் சேர்ந்து பத்து நிமிடம் செலவிடுதல் எளிது.

அவரையினத் தானியத்துக்கு இத்துணை முக்கியத்துவம் அளிப்பதற்குக் காரணம் உண்டு. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 7 கிராம் புரதமே இருக்கின்றது. அதே நிறையுள்ள உலர்ந்த பாசிப்பயறிலோ கௌபியிலோ சுமார் 24 கிராம் புரதம் உண்டு. அன்றியும், அரிசியின் புரதத்தில் லைசின் என்னுங் கூறு குறைவு. பயற்றில் அது நிறைய உண்டு. பயற்றிற் குறைந்த மெத்தியோனின் என்னுங் கூறு அரிசியிலே கிடைக்கின்றது. ஆகவே, மூன்று பங்கு அரிசியுடன் ஒரு பங்கு பயறு சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றது. முன்னோர் பயற்றைச் சோற்றோடு கூட்டி ஆக்கிய வழக்கத்துக்கு இன்றைய போசணை விஞ்ஞானம் காட்டும் நியாயம் இதுவாகும்.

நெற்செய்கையாளர் பயற்றை விலைக்கு வாங்க வேண்டும் என்பதில்லை. பெரும்போக நெல் அறுவடையான பின் நிலத்தில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு இடைப்போகமாகப் பாசிப்பயற்றை விதைக்கலாம். அது இரண்டு மாதங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் விளைந்துவிடும். மகா இலுப்பள்ளமை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட எம்.ஐ. 5, எம்.ஐ. 6 ஆகிய இனங்கள் உலர் வலயத்துக்கு ஏற்றவை. அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனை நிலத்திற் சேர்ப்பதால் அடுத்து வரும் நெற்பயிரும் பயன் பெறும். விளைந்ததில் ஒரு மரைக்கால் அளவையேனும் விற்காது நன்கு காயவைத்து, மூடியுள்ள பாத்திரத்தில் வீட்டுக்கென ஒதுக்குதல் வேண்டும்.

அடுப்பும் உமிப்பெட்டியும்

தென்னை நாட்டில் எரிபொருளுக்குப் பஞ்சமில்லை. சிரட்டை, பொச்சுமட்டை, பாளை, மட்டை ஆகிய யாவும் எரிக்கத்தக்கவை. எனினும் ஈரமான விறகு வெப்பத்தின் பெரும்பகுதியைத் தன் ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவிடும், புகையும் மிகும். அப்புகை பெண்களின் கண்ணுக்கும் மார்புக்கும், முதுகிற் சாய்ந்து நிற்கும் குழந்தையின் மூச்சுக்கும் கேடு செய்யும். ஆதலால் விறகை மழை படாத இடத்தில் இரண்டு கிழமையாவது உலரவிட்டு எரித்தலும், புகை வெளியேறக் கூரையில் வழி அமைத்தலும் அவசியம். பானையை மூடிச் சமைத்தலும், கொதித்தவுடன் விறகை வெளியே இழுத்துத் தணலைக் குறைத்தலும் செலவில்லாத சிக்கனங்களாகும். பொங்கிக் கொதிக்கும் நீரும் மெல்லக் கொதிக்கும் நீரும் ஒரே சூடுடையவை. பெருந்தீ உணவை விரைவில் வேகவைப்பதில்லை, நீரையே விரைவில் வற்றச் செய்கின்றது.

இதனினும் சிறந்த சிக்கனம் உமிப்பெட்டி. கொதித்த பானையின் சூடு வெளியேறாதபடி அதனைப் பொதிந்து வைத்தால், நெருப்பின்றியே உணவு வெந்து முடியும். இம்முறை புதியதன்று. 1867 ஆம் ஆண்டிற் பாரிசு நகரில் நிகழ்ந்த கண்காட்சியில் நோர்வே நாட்டார் இத்தகைய பெட்டியொன்றைக் காட்டினர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானிய இல்லங்கள் எரிபொருளைச் சேமிக்க வைக்கோல் அடைத்த பெட்டிகளைப் பயன்படுத்தின. நெல் விளையும் ஊரில் வைக்கோலும் உமியும், தென்னை விளையும் ஊரில் தும்புத்தூளும் விலையின்றிக் கிடைப்பதால் இங்கு இப்பெட்டியைச் செய்தல் மிக எளிது.

மரப்பெட்டியோ பெரிய கடகமோ எடுத்து, அடியில் நான்கு அங்குல உயரத்துக்கு உலர்ந்த உமியைச் சாக்கிற் கட்டிப் பரப்புதல் வேண்டும். நடுவிற் பானை அமரக்கூடிய குழியை விட்டு, சுற்றிலும் நான்கு அங்குலக் கனத்துக்கு வைக்கோலை இறுக அடைத்தல் வேண்டும். மேலே மூடுவதற்கு உமி நிரப்பித் தைத்த சாக்குத் தலையணை ஒன்று போதுமானது.

அரிசியை அளந்த நீரில் இட்டு, மூடி, ஏழு நிமிடம் நன்கு கொதிக்கவிட்டு, மூடியைத் திறவாமலே பானையைப் பெட்டியில் வைத்து மூடினால், ஒரு மணி நேரத்திற் சோறு பதமாகிவிடும். நீர் ஆவியாகாதபடியால் வழக்கமான அளவிலுஞ் சற்றுக் குறைத்து விடுதல் நன்று. ஊறிய பயற்றையோ கௌபியையோ பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு இரண்டு மணி நேரம் பெட்டியில் வைக்கலாம். அதற்குமேற் பெட்டியில் இருந்த உணவை மீண்டும் ஒருமுறை கொதிக்க வைத்தே உண்ணுதல் வேண்டும்; மீன் கறியைப் பெட்டியில் வைத்தல் கூடாது. விடியுமுன் பானையைப் பெட்டியில் வைத்துத் தோட்டத்துக்குச் செல்பவர், திரும்பி வருகையில் வெந்த சோற்றைக் காண்பர். அடுப்பின் அருகே காவல் இருக்க வேண்டிய நேரம் இவ்வாறு மீதமாகின்றது.

அரிசியிற் கவனிக்க வேண்டியவை

அரிசியின் மேற்றோலில் பி வகை உயிர்ச்சத்துக்கள் தங்கியுள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யாவாத் தீவிலே, தீட்டிய வெள்ளையரிசி உண்ட கோழிகள் நோயுற்றதையும் தவிடு நீக்காத அரிசி உண்டவை நலமாயிருந்ததையும் எய்க்மன் என்னும் வைத்தியர் கண்டறிந்தார். இவ்வாராய்ச்சிக்காக 1929 இல் நோபல் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. சொந்த நெல்லை ஆலையிற் குற்றுவிக்கும் கமக்காரர், வீட்டுத் தேவைக்கான பங்கை மிகையாகத் தீட்டாதிருக்கும்படி கேட்டுக் கொள்ளலாம். புழுக்கிய நெல்லின் அரிசியில் உயிர்ச்சத்து உள்ளே ஊறித் தங்குவதால் தீட்டியபோதும் இழப்புக் குறைவு. அரிசியைக் கல், தூசி நீங்க இரண்டு முறை கழுவினாற் போதும். நீர் தெளியும்வரை பலமுறை தேய்த்துக் கழுவினால் சத்தும் நீரோடு போகும். கஞ்சியை வடித்து ஊற்றுவதிலும் அளந்த நீரிற் சமைத்தல் மேல். வடித்த கஞ்சியைக் கறிக்குச் சேர்க்கலாம்.

எஞ்சிய சோற்றை வீணாக்க வேண்டியதில்லை. ஆனாற் சூடான சோற்றைப் பானையிலேயே இரவு முழுதும் மூடி வைத்தால் நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அதிற் பெருகும். அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. சோற்றை அகன்ற பாத்திரத்திற் பரப்பி விரைவில் ஆறவிட்டு, கொதித்தாறிய நீர் ஊற்றி மூடி வைத்துக் காலையிலேயே உண்ணுதல் வேண்டும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சிறிது தேங்காய்ப்பால், தேசிக்காய்ப் புளி சேர்த்த பழஞ்சோறு வெயிலில் உழைக்கச் செல்வோருக்கு ஏற்ற காலையுணவாகும்.

தோட்டத்திற் கழிக்கப்படும் கறி

பீற்றூட்டைப் பிடுங்கிச் சந்தைக்கு அனுப்பும்போது இலைகள் வரப்பிற் குவிக்கப்பட்டு வாடிப் போகின்றன. முள்ளங்கி இலையும் பூசணித் தளிரும் வெங்காயத் தாளும் கௌபியின் இளந்தளிரும் அவ்வாறே கழிக்கப்படுகின்றன. இவை யாவும் உண்ணத்தக்க கீரைகள். வேலியில் நிற்கும் முருங்கையின் இலையோ ஏ உயிர்ச்சத்து, சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து ஆகியவற்றில் மிகச் சிறந்தது. வளைந்த வெண்டியும் பிளந்த கத்தரியும் சந்தையில் விலை போகாவிடினும் சட்டியில் அவற்றின் சுவை குறைவதில்லை.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மருந்து தெளித்த பயிரை, அம்மருந்தின் சிட்டையிற் குறிக்கப்பட்ட இடைவெளி நாட்கள் கழியுமுன் பறித்துண்ணல் ஆகாது. விற்பனைக்குரிய மரக்கறிக்கும் இவ்விதி பொருந்தும். வாங்கி உண்பவரும் பிள்ளை குட்டி உடையவரே. வீட்டுத் தேவைக்கென மருந்து தெளிக்காத சிறு பாத்தி ஒன்றைக் கிணற்றடியில் வேறாக வைத்திருத்தல் சாலச் சிறந்தது. பத்தடி நீளமும் நாலடி அகலமும் உள்ள ஒரு பாத்தியில் பாதி கீரையும் பாதி கங்குனும் நட்டு, முறை வைத்துக் கொய்துவரின், சிறு குடும்பமொன்றுக்குக் கிழமையிற் சில நாட்களுக்குக் கீரை கிடைக்கும். குளிக்கும் நீரும் பாத்திரங் கழுவும் நீரும் அதன் அருகிலுள்ள வாழைக்குச் செல்லும்படி வாய்க்கால் அமைக்கலாம்.

கீரையை வெட்டிய பின் கழுவுவதிலும் கழுவிய பின் வெட்டுதல் நன்று. மூடிய சட்டியிற் சில நிமிடமே வேகவிட வேண்டும். ஏ உயிர்ச்சத்து கொழுப்பின் துணையோடு உடலிற் சேர்வதால் கீரைக்குச் சிறிது தேங்காய்ப்பூவோ பாலோ சேர்த்தல் பொருத்தமானது. இறக்கிய பின் விடும் தேசிக்காய்ப் புளி, கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்றுக் கொள்ள உதவும். உணவோடு அருந்தும் தேநீர் இதற்கு மாறாக அச்சத்தைத் தடுப்பதால், உண்டு ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே தேநீர் அருந்துதல் வேண்டும்.

சிறு மீனின் சிறப்பு

கற்பிட்டி, கண்டக்குளி, உடப்பு, சிலாபம் ஆகிய கரைகளில் இறங்கும் மீன்களுள் அறுக்குளா போன்ற பெருமீன்கள் நகரச் சந்தைக்கே செல்கின்றன. சாளை, நெத்தலி, காரல் முதலிய சிறுமீன்கள் குறைந்த விலையிற் கிடைக்கின்றன. புரதத்தில் இவை பெருமீனுக்குத் தாழ்ந்தவை அல்ல. நெத்தலி முள்ளோடு உண்ணப்படுவதாற் பிள்ளையின் எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சுண்ணாம்புச்சத்தையும் கொடுக்கின்றது.

மீனை வாங்குகையிற் கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் தசை இறுகியும் உள்ளதைத் தெரிதல் வேண்டும். வெயிலிற் கிடந்த சாளையில் ஒருவகை நஞ்சு உண்டாகி, உண்டவருக்கு உடல் சிவத்தலும் அரிப்பும் தலைவலியும் ஏற்படும். சமைத்தலால் அந்நஞ்சு நீங்காது. ஆதலால் மலிவு கருதிப் பழுதான மீனை வாங்குதல் மலிவாகாது. கருவாட்டை வெந்நீரிற் சிறிது நேரம் ஊறவிட்டுக் கழுவினால் மிகையான உப்பும் மணலும் நீங்கும். அதனைச் சேர்த்த கறிக்கு வேறு உப்பு இடுமுன் சுவை பார்த்தல் வேண்டும்.

ஐந்து பேருக்கான சில உணவுகள்

பயற்றுப் பாற்சோறு: இரவில் ஊறிய ஒரு சுண்டு பாசிப்பயற்றைப் பானையிலிட்டுப் பத்து நிமிடம் வேகவைத்து, கழுவிய சிவப்புப் பச்சையரிசி மூன்று சுண்டைச் சேர்த்து, அரிசிக்கு மேல் இரு விரற்கடை நிற்க நீர் விட்டு மூடிச் சமைத்தல் வேண்டும். நீர் வற்றிச் சோறு குழையும் பதத்தில், அரைத் தேங்காயின் தடித்த பாலையும் உப்பையும் சேர்த்து மெல்லிய தணலில் ஐந்து நிமிடம் வைத்து இறக்கலாம். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு இடித்துத் தேசிக்காய் பிழிந்த சம்பல் இதற்குத் துணை. ஒரே பானையில் ஆகும் இவ்வுணவை இலையிற் பொதிந்து வயலுக்கும் பாடசாலைக்கும் எடுத்துச் செல்லலாம்.

நெத்தலி முருங்கையிலைச் சொதி: ஒரு கைப்பிடி நெத்தலிக் கருவாட்டை வெந்நீரிற் கழுவி, அரிந்த வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றுடன் இரண்டாம் பாலில் ஏழு நிமிடம் கொதிக்கவிடல் வேண்டும். உருவிய முருங்கையிலை இரு கைப்பிடி சேர்த்து நான்கு நிமிடம் சென்றதும் முதற்பாலை விட்டுக் கிளறி, கொதி வருமுன் இறக்கிவிடல் வேண்டும். சற்று ஆறிய பின் தேசிக்காய்ப் புளி விடலாம். கொதிக்கும்போது விட்டாற் பால் திரையும். பதினைந்து நிமிடத்தில் ஆகும் இச் சொதி சோற்றுக்கும் இடியப்பத்துக்கும் ஏற்றது.

கௌபி பூசணிக் கறி: ஊறிய கௌபி ஒரு சுண்டை நீர் விட்டு வேகவைத்து, முக்கால் வேக்காட்டிற் பூசணித் துண்டங்களைத் தோலோடு இட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள், தட்டிய உள்ளி சேர்த்து மூடிவிடல் வேண்டும். பூசணி மெத்தென்றானதும் ஒரு பிடி தேங்காய்ப்பூவைச் சீரகத்தோடு அரைத்துக் கலந்து இறக்கலாம். மீன் கிடைக்காத மழை நாட்களில் இக்கறி மீனின் இடத்தை நிரப்பும். மிகுந்த கௌபியைக் கடுகு, செத்தல் மிளகாய் தாளித்துப் பிள்ளைகளுக்கு மாலைச் சுண்டலாகக் கொடுக்கலாம்.

சாளைப் புளிமீன்: துப்புரவு செய்த சாளையை மண்சட்டியில் அடுக்கி, கொறுக்காய்ப் புளியையோ பழப்புளியையோ மிளகு, உப்பு, மஞ்சளுடன் அரைத்துப் பூசி, மீன் நனையும் அளவு நீர் விட்டு, மெல்லிய தணலில் நீர் வற்றும்வரை வைத்தல் வேண்டும். அகப்பை இட்டுக் கிளறாது சட்டியை அசைத்துவிட்டாற் போதும். எண்ணெயும் தேங்காயும் இதற்கு வேண்டுவதில்லை. புளியும் உப்பும் நீர் வற்றுதலும் சேர்வதால், குளிரேற்றி இல்லாத வீட்டிலும் மறுநாள் வரை தாங்கும். மறுநாள் நன்கு சூடாக்கியே பரிமாறுதல் வேண்டும்.

இலைக்கஞ்சி: வல்லாரை, முருங்கை, பொன்னாங்காணி ஆகியவற்றுள் ஒன்றை இடித்துச் சாறு பிழிந்து வைத்தல் வேண்டும். ஒரு சுண்டு அரிசியை மிகுந்த நீரிற் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்து, இறக்கும் தறுவாயிற் சாற்றை விட்டு ஒருமுறை கொதித்ததும் இறக்கலாம். உமிப்பெட்டியில் இரவு வைத்த கஞ்சியாயின், காலையிற் கொதிக்க வைத்து, சாறும் பாலும் சேர்த்தால் முடிந்தது. பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைக்கு வெறுந் தேநீரின் இடத்தில் இதனைக் கொடுத்தல் வேண்டும்.

மரவள்ளிக் கிழங்கும் விரைவில் ஆகும் மலிவான உணவே. அதில் இயல்பாகவே நச்சுப் பொருள் இருப்பதால், தோலை முற்றாக நீக்கி, துண்டங்களாக்கி, மிகுந்த நீரில் மூடாத பானையில் நன்கு அவித்து, அந்நீரை ஊற்றிவிடல் வேண்டும். பிடுங்கி நாட்பட்ட கிழங்கையும் நீலம் படர்ந்த கிழங்கையும் நீக்குதல் நலம்.

உப்பும் நீரும்

புத்தளம் உப்பு விளையும் ஊர். உப்பளத்திலிருந்து நேரே வரும் கல்லுப்பு மலிவாயினும் அதில் அயடீன் சேர்க்கப்பட்டிராது. அயடீன் குறைந்தாற் கழலை உண்டாவதோடு, கருவிலிருக்கும் சிசுவின் மூளை வளர்ச்சியும் குன்றும். இக் காரணத்தினாலேயே 1995 முதல் இலங்கையில் உணவுக்குரிய உப்பில் அயடீன் சேர்த்தல் கட்டாயமாக்கப்பட்டது. கல்லுப்பைக் கருவாட்டுக்கும் தென்னைக்கும் பயன்படுத்தி, கறிக்கு அயடீன் கலந்த உப்பையே வாங்குதல் வேண்டும். அதனை மூடியுள்ள பாத்திரத்தில் ஈரம் படாது வைத்து, சமையலின் இறுதியிற் சேர்த்தால் அயடீன் வீணாகாது.

கற்பிட்டியின் மணலினூடே பசளை விரைவில் நிலத்தடி நீரைச் சென்றடைகின்றது. அங்குள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார தாபனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருத்தல் ஆராய்ச்சிகளாற் காணப்பட்டுள்ளது. நீரைக் கொதிக்க வைத்தால் நுண்ணுயிர்கள் அழியும். நைத்திரேற்று அழியாது, நீர் வற்றுவதனால் அதன் செறிவு கூடவே செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்நீரிற் பால் மாவு கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனை ஏற்கும் ஆற்றலை இழந்து உயிராபத்தும் நேரலாம். அக்குழந்தைக்குத் தாய்ப்பாலே உணவு. குடிநீர்க் கிணற்றைப் பசளை இடும் பாத்திகளுக்கும் மலகூடக் குழிக்கும் தொலைவில் அமைத்து, நீரைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். பயிருக்கு வேண்டிய அளவிலும் மேலாக இடும் பசளை, பணத்தோடு குடிநீரையும் கெடுக்கின்றது.

பரிமாறும் ஒழுங்கு

நல்ல உணவு ஆக்கப்பட்ட வீட்டிலும் அது யாவருக்கும் சமமாகச் சென்றடையாதிருத்தல் உண்டு. வழக்கமாக ஆண்களும் பிள்ளைகளும் உண்ட பின்னர், சட்டியில் எஞ்சிய குழம்போடு தாய் உண்கின்றாள். மீன் துண்டும் கீரையும் அதற்குள் முடிந்துவிடும். அவளும் விடியுமுன் எழுந்து தோட்டத்தில் நின்றவளே. கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் அவளுக்கு ஏனையோரிலும் அதிக இரும்புச்சத்தும் புரதமும் தேவை. இரத்தக் குறைவுள்ள தாயின் குழந்தை நிறை குறைந்து பிறக்க ஏதுவுண்டு. பந்தி தொடங்குமுன்னரே சட்டியிலுள்ளதை வீட்டிலுள்ளோர் தொகைக்கேற்பப் பங்கிட்டு வைப்பதற்குச் சதமேனும் செலவில்லை. பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் பங்கு ஒன்றாயிருத்தல் வேண்டும்.

கமக்காரர் வயலுக்கும் தோட்டத்துக்கும் செய்யும் செலவை நாள்தோறும் கணக்கிடுவர். அடுப்படிக் கணக்கும் அத்தகையதே. ஒரு மாதம் கடையில் வாங்கிய பாண், பொதிப் பண்டங்கள் ஆகியவற்றின் பணத்தை ஒரு கொப்பியிற் குறித்து, மறுமாதம் பயறும் கீரையும் சிறுமீனும் கொண்டு சமைத்த செலவை அதன் அருகே எழுதிப் பார்த்தால் வேறுபாடு தானே விளங்கும். முதல் நாளிலேயே யாவற்றையும் மாற்ற வேண்டுவதில்லை. இன்றிரவு ஒரு சுண்டு பயற்றைக் கழுவி ஊறவைத்தால், நாளைக் காலையிற் பிள்ளைகள் வெறுந் தேநீரோடு பாடசாலைக்குச் செல்ல வேண்டியிராது.